ஊசித் துப்பாக்கியா, ஷாஸ்போவா, மௌசரா? 1872இன் போர் அமைச்சர் நாற்காலியிலிருந்து ஓர் ஒப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் போர்களைப் படிக்கும் வாசகர்கள் ஒரே இடத்தில் வந்து தடுக்கி நிற்கிறார்கள். 1866இல் பிரஷ்யா தன் ஊசித் துப்பாக்கியோடு ஆஸ்திரியாவை வென்றது. 1870இல் அதைவிடத் தெளிவாக மேலான ஷாஸ்போ துப்பாக்கியை ஏந்திய பிரெஞ்சுப் படை பிரஷ்யாவிடமும் அதன் ஜெர்மன் கூட்டாளிகளிடமும் தோற்றது. பிரஷ்யாவின் தலைமையில் ஒன்றான ஜெர்மனியோ போர் முடிந்த கையோடு, வெற்றி தேடித்தந்த துப்பாக்கியை ஒதுக்கிவிட்டு மௌசருக்கு மாறியது. அப்படியானால் மூன்றில் எதுதான் நல்ல துப்பாக்கி என்பது கேள்வி.

வென்றவர் கையில் எது இருந்தது என்று பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இது 1872ஆம் ஆண்டின் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு நடுத்தர நாட்டின் போர் அமைச்சர். ஒரு இலட்சம் காலாட்படையினர் இருக்கிறார்கள். கிடங்கில் முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் கிடக்கின்றன. பணம் அளவோடுதான் இருக்கிறது. எதை வாங்குவீர்கள்? இது வெறும் கற்பனைப் பயிற்சி அல்ல. கிரேக்கம், செர்பியா, ஜப்பான் ஆகிய நாடுகள் அந்தப் பத்தாண்டிலும் அதையொட்டியும் இதே மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தன. மூன்றும் மூன்று வெவ்வேறு விடைகளைக் கண்டன.

## முதலில், தாழ்ப்பாள் என்றால் என்ன

போல்ட் என்பதற்குத் தமிழில் தாழ்ப்பாள் என்று சொன்னால் பாதி விளக்கம் அதிலேயே முடிந்துவிடும். பழைய வீட்டுக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை நினைத்துப் பாருங்கள். உருண்டைக் கம்பி ஒன்று; அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடி ஒன்று. பிடியைத் தூக்கினால் கம்பி விடுபடும், பின்னால் இழுத்தால் திறக்கும், முன்னால் தள்ளிப் பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். இதே அசைவு துப்பாக்கிக் குழலின் பின்வாயைத் திறக்கவும் அடைக்கவும் செய்தால் அதுதான் போல்ட் துப்பாக்கி. இதை முதன்முதலில் ஒரு பெரும் படைக்கான ஆயுதமாக்கிய யோஹான் நிக்கோலாஸ் டிரைசே, துரிங்கியாவின் சோமர்டா ஊரில் 1787இல் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தற்செயல் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த முறை எதற்கு மாற்றாக வந்தது என்பதை அறிய, மலைப்பகுதி வழக்குகளில் 'நாட்டுத் துப்பாக்கி' என்று நம் செய்தித்தாள்களில் அடிபடுவதை நினைத்துக்கொண்டால் போதும். குழலை நிமிர்த்தி, வாய் வழியாக மருந்து கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, பிறகுதான் சுட முடியும். இதைப் படுத்துக்கொண்டு செய்வது ஏறக்குறைய இயலாத காரியம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், பின்வாய் அடைப்பு. மருந்து வெடித்ததும் கிளம்பும் சூடான வாயு முன்னால் போகாமல் தாழ்ப்பாளின் இடுக்கு வழியே சுடுபவரின் முகத்தில் பீறிட்டால், எவ்வளவு வேகமாக நிரப்ப முடிந்தும் பயனில்லை. இரண்டாவது, தோட்டா: அது காகிதமா, உலோகமா, யார் செய்வது, மழையில் என்ன ஆகும், பொதிவண்டியில் குலுங்கினால் தாங்குமா. மூன்றாவது, ஒரு முறை சுட்டு மறுமுறை சுடுவதற்குள் கை எத்தனை வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அதைப் படுத்தபடி செய்ய முடிகிறதா என்பது. நான்காவது, குண்டு பயனுள்ளதாகச் சென்று சேரும் தூரம். ஐந்தாவது அளவுகோல் துப்பாக்கியில் இல்லை, நாட்டில் இருக்கிறது: கிடங்கில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது, தொழிற்சாலை எதைச் செய்ய வல்லது என்பது.

படிப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவதையும் நான்காவதையும் வைத்தே சண்டை போடுகிறார்கள். நான் இரண்டாவதை முன்னால் வைப்பேன். முதல் அளவுகோலையும் மூன்றாவதையும் பெருமளவு தீர்மானிப்பது தோட்டாதான். தாழ்ப்பாள் அதற்கு ஏற்றபடி அமைவது.

## டிரைசேயின் ஊசித் துப்பாக்கி

டிரைசே இளமையில் பாரிசில் சுவிஸ் நாட்டுக்காரரான பாலி என்ற துப்பாக்கிக் கலைஞரின் பட்டறையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் உழைத்து, 1836 வாக்கில் பின்வாய் வழியாக நிரப்பும் தாழ்ப்பாள் வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். பிரஷ்யா 1840இல் 60,000 துப்பாக்கிகளுக்கு ஆணை கொடுத்தது. 1841 என்ற ஆண்டைப் பெயரில் தாங்கிய அந்தத் துப்பாக்கிக்கு 'இலகு அதிர்வெடித் துப்பாக்கி' என்று ஒன்றும் தெரியாதது போல ஓர் அலுவல் பெயர் வைத்தார்கள். இரகசியம் கசியக்கூடாது என்பதே காரணம்.

அதன் தோட்டாவைக் கையில் வாங்கிப் பிரித்தால் இப்படி இருக்கும்: மேலே காகித உறை. உள்ளே முன்பக்கம் ஓக் மரக் கொட்டை வடிவில் ஈயக்குண்டு. குண்டின் பின்பாதி, கூழ்க்காகிதத்தால் செய்த ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணத்தின் அடியில்தான் தீப்பற்றும் பொட்டு இருக்கிறது. அதற்கும் பின்னால் கருமருந்து. ஆகவே பின்னாலிருந்து பாயும் நீண்ட ஊசி, காகிதத்தைத் துளைத்து, கருமருந்து முழுவதையும் கடந்து போய்ப் பொட்டைக் குத்த வேண்டும். மருந்து வெடிக்கும்போது ஊசி அந்த நெருப்புக்கு நடுவில் நிற்கிறது. ஒவ்வொரு சுடுதலிலும் வெந்து, அரித்து, கடைசியில் ஒருநாள் ஒடிந்துவிடும். வீரர்கள் மாற்று ஊசிகளைப் பையில் வைத்திருந்தார்கள். ஊசியை மாற்றுவது எளிதாகவே இருந்தது என்றாலும், எதிரி முன்னேறி வரும்போது எளிது என்ற சொல்லுக்கே வேறு பொருள்.

அதைவிடப் பெரிய குறை அடைப்பு. உலோகத்தின் மேல் உலோகம் பொருந்தி நிற்பதைத் தவிர வாயுவைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. நாள்பட நாள்பட இடுக்கு அகன்றது. சில வீரர்கள் கன்னத்தில் ஒட்டிப் பிடிக்க அஞ்சி, இடுப்பளவில் வைத்தே சுட்டார்கள். அப்படிச் சுட்டால் குறி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர்தான். தூரத்துக்கேற்பக் குறிபார்க்க உதவும் குறிப்பலகை 600 மீட்டர் அளவோடு நின்றுவிடும்.

இத்தனைக்கும் பிறகு இது வென்றதே, எப்படி? 1864 ஜூலை 3 அன்று டென்மார்க்கின் லுண்ட்பியில், துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து வந்த டேனிஷ் படைப்பிரிவு ஒன்று சில நிமிடங்களில் தன் வீரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை இழந்தது. எதிரே இருந்த பிரஷ்யர்களில் காயம்பட்டவர்கள் மூன்றே பேர். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1866 ஜூலை 3 அன்று, பொஹீமியாவின் கோனிகிரேட்ஸில் ஆஸ்திரியத் தரப்பு இழப்பு, சிறைப்பட்டவர்களையும் சேர்த்து, 40,000ஐத் தாண்டியது. பிரஷ்ய இழப்பு சுமார் 9,000. ஆஸ்திரியர்களின் லோரென்ஸ் துப்பாக்கி அதிகத் தூரம் சுடக்கூடியது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அதை நிரப்ப எழுந்து நிற்க வேண்டும். பிரஷ்யர் படுத்தபடியே, ஆஸ்திரியர் ஒருமுறை சுடும் நேரத்தில் நான்கைந்து முறை சுட்டார். போதாக்குறைக்கு, ஆஸ்திரியர் நெருங்கிப் போய்க் குத்துவதையே தம் உத்தியாக வைத்திருந்தார்கள். ஊசித் துப்பாக்கி மிகவும் விரும்பிய தூரத்துக்குத் தாங்களே நடந்து வந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு. இந்தத் துப்பாக்கி முழுக் காலாட்படைக்கும் போய்ச் சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1841இல் புதுமையாக இருந்தது, கடைசி வீரரின் கைக்குப் போவதற்குள் கிழடு தட்டிவிட்டது. ரப்பர் அடைப்புச் சேர்க்கும் பெக் என்பவரின் திருத்தம் ஏற்கப்பட்டபோது 1870 போர் குறுக்கிட்டதால், வேலை போருக்குப் பின்தான் நடந்தது. 1872இல் இதைப் புதிதாக வாங்க எந்தக் காரணமும் இல்லை. கிடங்கில் ஏற்கெனவே இருந்து, அண்டை நாடும் முன்வாய்த் துப்பாக்கியோடு இருந்தால் மட்டும், பெக் திருத்தத்தோடு சில ஆண்டுகள் தள்ளலாம்.

## ஷாஸ்போ

அந்துவான் அல்ஃபோன்ஸ் ஷாஸ்போ பிரெஞ்சு அரசு ஆயுதப் பட்டறைகளில் வேலை செய்தவர். அவருடைய துப்பாக்கி 1866 ஆகஸ்ட் 30 அன்று, கோனிகிரேட்ஸ் நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஏற்கப்பட்டது. இதுவும் காகிதத் தோட்டாதான், இதிலும் ஊசிதான். ஆனால் மூன்று இடங்களில் ஷாஸ்போ டிரைசேயைத் திருத்தினார். தீப்பொட்டைத் தோட்டாவின் அடிப்பக்கத்துக்கே கொண்டுவந்ததால் ஊசி குட்டையானது, நெருப்பில் நிற்கும் நீளம் குறைந்தது. குழலின் விட்டத்தை 15.4 மி.மீட்டரிலிருந்து 11 மி.மீட்டராகச் சுருக்கியதால் குண்டு நொடிக்கு 400 மீட்டருக்கும் மேலான வேகத்தில், தட்டையான பாதையில் போனது. மூன்றாவதாக, தாழ்ப்பாளின் தலையில் ஒரு ரப்பர் வளையம் வைத்தார்.

இந்த வளையத்தைப் புரிந்துகொள்ள நம் சமையலறைக்குப் போனால் போதும். பிரஷர் குக்கர் மூடியின் கேஸ்கெட் என்ன செய்கிறதோ அதையே இது செய்தது: உள்ளே அழுத்தம் ஏற ஏற, ரப்பர் நசுங்கி அகன்று இடுக்கை அடைத்தது. அதே கேஸ்கெட்டுக்கு என்ன வியாதியோ அதுவே இதற்கும். சூட்டில் அரிக்கும், குளிரில் விறைக்கும், நாளானால் தளர்ந்து ஓரத்தில் பீறிடும். கேஸ்கெட்டைக் குளிர்பெட்டியில் போட்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டுவது வீட்டில் நடக்கும், போர்முனையில் நடக்காது. ஆகவே வீரரிடம் மாற்று வளையமும் இருக்க வேண்டும், மாற்று ஊசியும் இருக்க வேண்டும். தோட்டாவின் எரியாத காகிதத் துணுக்குகளும் மருந்துக் கரியும் அறையில் படிந்து, நிறையச் சுட்டபின் அடுத்த தோட்டா உள்ளே போக மறுப்பதும் உண்டு.

1867 நவம்பர் 3 அன்று ரோமுக்கு அருகே மென்தானாவில், இத்தாலியை ஒன்றுபடுத்தப் போராடிய கரிபால்டியின் தொண்டர்கள் மீது இது முதன்முறையாகப் பெரிய அளவில் பயன்பட்டது. "ஷாஸ்போக்கள் அற்புதம் செய்தன" என்று பிரெஞ்சுத் தளபதி ஃபாயி எழுதியனுப்பிய வரி இத்தாலியர்களின் நெஞ்சில் நெடுநாள் முள்ளாக இருந்தது. 1870 போர் தொடங்கும்போது பிரான்சிடம் சுமார் பத்து இலட்சம் ஷாஸ்போக்கள் இருந்தன. அந்த ஆகஸ்ட் 18 அன்று சான் பிரிவா கிராமத்தை நோக்கித் திறந்த சரிவில் ஏறிய பிரஷ்யக் காவற்படை, குறுகிய நேரத்தில் சுமார் 8,000 பேரை இறந்தும் காயமடைந்தும் இழந்தது. ஷாஸ்போ 1,200 மீட்டரில் பேசத் தொடங்கியது. ஊசித் துப்பாக்கிக்காரர் பதில் பேச, அதில் பாதித் தூரத்தை வெட்டவெளியில் நடந்து கடக்க வேண்டியிருந்தது.

பிரான்ஸ் தோற்றது துப்பாக்கியால் அல்ல. ஜெர்மனியின் க்ருப் ஆலை செய்த எஃகுப் பீரங்கிகளும், படைதிரட்டலில் பிரஷ்யாவின் ஒழுங்கும், பிரெஞ்சுத் தலைமையின் தடுமாற்றமும் அதைத் தீர்மானித்தன. "ஷாஸ்போ தோற்ற துப்பாக்கி" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மானியர்களே கைப்பற்றிய இலட்சக்கணக்கான ஷாஸ்போக்களில் ஒரு பகுதியைத் திருத்தி, தம் சொந்தப் படையினருக்குக் கொடுத்தார்கள்.

காகிதத் தோட்டாவுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. பாளையத்திலேயே ஆட்களை உட்காரவைத்துக் கையால் சுருட்டலாம். பித்தளை வேண்டாம், பெரும் இயந்திரங்கள் வேண்டாம். காகிதத் தோட்டா என்றதும் நம்மவர்களுக்கு 1857 நினைவுக்கு வரும். அன்று சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது என்ஃபீல்டு முன்வாய்த் துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டா. ஊசித் துப்பாக்கியிலும் ஷாஸ்போவிலும் தோட்டாவை முழுசாக உள்ளே வைத்துவிடுவதால் கடிக்கும் வேலையே இல்லை.

## கிரா: பழையதைத் திருத்துவது

பெரும் எண்ணிக்கையில் ஷாஸ்போ வைத்திருப்பவருக்கு, இரண்டாண்டு பொறுத்தால் ஒரு வழி திறந்தது. பசீல் கிரா என்ற அதிகாரி 1874இல் ஷாஸ்போவின் தாழ்ப்பாளையும் தோட்டா அறையையும் மாற்றி, அதை உலோகத் தோட்டாவுக்கு ஏற்றதாக்கினார். குழலும் கட்டையும் பெரும்பாலும் பழையவையே. கிரேக்கம் புதிய கிரா துப்பாக்கிகளை ஆஸ்திரியாவின் ஸ்டைர் தொழிற்சாலையிலிருந்து வாங்கியது. அங்கே பேச்சுவழக்கில் பழைய துப்பாக்கிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிடங்கில் ஷாஸ்போ இல்லாதவருக்கு இதில் பெரிய ஆதாயம் இல்லை.

## மௌசர், 1871

வில்ஹெல்ம், பால் என்ற மௌசர் சகோதரர்கள் வூர்ட்டம்பர்க்கின் ஓபர்ன்டோர்ஃப் ஊரில், பழைய மடம் ஒன்றில் இயங்கிய அரசு துப்பாக்கித் தொழிற்சாலையில் வளர்ந்தவர்கள். டிரைசே துப்பாக்கியை மேம்படுத்தப் போனவர்கள் வேறொரு துப்பாக்கியில் வந்து முடிந்தார்கள். நாரிஸ் என்ற அமெரிக்க முகவர் அவர்களைப் பெல்ஜியத்தின் லியேஜுக்கு அழைத்துப் போய், 1868இல் அமெரிக்கக் காப்புரிமை எடுக்க வைத்துப் பிறகு கைவிட்டார். 1871 முடிவதற்குள் பிரஷ்யா அவர்களுடைய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது.

இங்கே தாழ்ப்பாள் பெரும் புரட்சி எதையும் செய்யவில்லை, தோட்டா செய்தது. பித்தளை உறை வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, அழுத்தம் தணிந்ததும் சுருங்கி விடுபடுகிறது. ஒவ்வொரு தோட்டாவும் தனக்கான கேஸ்கெட்டைத் தானே கொண்டுவந்து, வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ரப்பர் வளையம் வேண்டாம், நெருப்பில் வேகும் ஊசியும் வேண்டாம். அதோடு, ஊசித் துப்பாக்கியிலும் ஷாஸ்போவிலும் சுடும் வில்லை (ஸ்பிரிங்கை)த் தனியாகக் கையால் இழுத்து வைக்க வேண்டியிருந்த வேலை இதில் மறைந்தது: தாழ்ப்பாளின் பிடியைத் தூக்கும்போதே வில் ஏறிக்கொள்ளும். குறிப்பலகை 1,600 மீட்டர் வரை போனது.

குறைகளும் உண்டு. வெற்று உறையைப் பின்னால் இழுக்கும் கொக்கி இருந்தது. வெளியே எறியும் உறுப்பு இல்லை. துப்பாக்கியைச் சாய்த்தோ விரலாலோ உறையைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டாதான். எடை நான்கரைக் கிலோ. ஆனால் அமைச்சரின் தூக்கத்தைக் கெடுப்பது இவை அல்ல. பித்தளைத் தகட்டை இழுத்து உறையாக்கும் தொழிற்சாலை நாட்டில் இல்லையென்றால், துப்பாக்கியை ஒருமுறை வாங்கிவிட்டுத் தோட்டாவை ஆயுள் முழுக்க அயலாரிடம் வாங்க வேண்டும். ஜெர்மனியே தன் ஸ்பான்டாவ், டான்சிக், எர்ஃபுர்ட், ஆம்பெர்க் ஆயுதச்சாலைகள் போதாமல், துப்பாக்கிகளின் பெரும் பகுதியை ஸ்டைரிடம் செய்து வாங்கியது.

## தாழ்ப்பாளே வேண்டாம் என்பவர்களுக்கு

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1866இல் தன் பழைய என்ஃபீல்டுகளின் பின்பக்கத்தை வெட்டி, கீலில் திறக்கும் மூடி வைத்து ஸ்னைடராக்கியது. 1871இல் நெம்புகோலை இறக்கினால் அடைப்புக்கட்டை தாழும் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறியது. பலமான, உதிரிகள் குறைந்த அமைப்பு. ஆனால் சுருட்டிய பித்தளைத் தகட்டால் ஆன அதன் தோட்டா சூட்டிலும் மணலிலும் அறையில் சிக்கிக்கொண்டது. 1885 ஜனவரியில் சூடானின் அபு கிளேயாவில் அதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்தார்கள். இங்கும் குற்றவாளி தோட்டாதான். 1857க்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைப் படையினரைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியே தருவது என்ற கொள்கை இருந்ததால், மார்ட்டினி வந்தபோது கழிந்த ஸ்னைடர்கள் சென்னைப் படை உட்பட இங்குள்ள படைகளுக்கு வந்தன. பழையதை எங்கே தள்ளுவது என்ற கவலை இல்லாத அமைச்சருக்கு முடிவெடுப்பது எளிது.

## ஒரே பார்வையில்

| | ஊசித் துப்பாக்கி | ஷாஸ்போ | கிரா | மௌசர் 71 |
|---|---|---|---|---|
| ஏற்கப்பட்டது | 1841 | 1866 | 1874 | 1871 |
| குழல் விட்டம் | 15.4 மி.மீ. | 11 மி.மீ. | 11 மி.மீ. | 11 மி.மீ. |
| தோட்டா | காகிதம் | காகிதம் | உலோகம் | உலோகம் |
| வாயு அடைப்பு | உலோகப் பொருத்தம் மட்டும் | ரப்பர் வளையம் | தோட்டா உறை | தோட்டா உறை |
| வில்லேற்றுதல் | தனியாகக் கையால் | தனியாகக் கையால் | பிடியைத் தூக்கும்போது | பிடியைத் தூக்கும்போது |
| மறைவான செலவு | ஊசி, வாயுக் கசிவு | வளையம், ஊசி, கரிப்படிவு | பழைய ஷாஸ்போ கையிருப்பு வேண்டும் | பித்தளைத் தோட்டாத் தொழில் வேண்டும் |

## எந்த நிலையில் எது

கிடங்கில் ஒன்றுமில்லை, தோட்டா செய்யும் தொழில் இருக்கிறது அல்லது அமைக்கப் பணம் இருக்கிறது என்றால், 1872இல் மௌசரைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பித்தளைத் தொழில் இல்லை, எல்லையில் ஆபத்து இந்த ஆண்டே வரும் என்றால், போரில் கழிந்த ஷாஸ்போக்களை மலிவாக வாங்கி வீரர்களின் கையில் கொடுப்பதே அறிவு. அவற்றைப் பின்னர் உலோகத் தோட்டாவுக்குத் திருத்திக்கொள்ளவும் இடமிருக்கிறது. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஊசித் துப்பாக்கியை வாங்குபவர், பக்கத்து நாடு மாறாமல் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார்.

அவசரமில்லாதவருக்குக் காத்திருப்பதும் ஒரு தேர்வுதான். செர்பியா 1880 வாக்கில் மௌசரைத் தன் தேவைக்குத் திருத்தி, விட்டத்தை 10.15 மி.மீட்டராகக் குறைத்து வாங்கியது. பிந்தியதால் மேலான குண்டு கிடைத்தது. மறுபக்கம், ஜெர்மனி 1884இல் தன் மௌசரில் எட்டுத் தோட்டாக் குழாயைச் சேர்த்துப் பெருஞ்செலவில் மாற்றிக்கொண்டிருக்கும்போதே, 1886இல் பிரான்ஸ் புகையற்ற மருந்தோடு 8 மி.மீ. லெபெல் துப்பாக்கியைக் கொண்டுவந்தது, 1888இல் ஜெர்மனி மறுபடியும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

ஜப்பான் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் III, ஜப்பானின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகுனுக்கு அனுப்பிய ஷாஸ்போக்கள் இருந்தன, கிஷூ சமஸ்தானம் வாங்கிய ஊசித் துப்பாக்கிகள் இருந்தன, ஸ்னைடர்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தோட்டா. முராத்தா சுனேயோஷி என்ற அதிகாரி ஐரோப்பா போய்ப் பார்த்துத் திரும்பி, கிராவிலிருந்து கொஞ்சம், தாழ்ப்பாளின் பிடிக்குள்ளேயே தகட்டு வில்லை ஒளித்து வைத்திருந்த டச்சு போமோன் துப்பாக்கியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, 1880இல் 11 மி.மீ. உலோகத் தோட்டாவுக்கு உள்நாட்டுத் துப்பாக்கி ஒன்றை அமைத்தார். தோக்கியோ ஆயுதச்சாலையில் அது செய்யப்படத் தொடங்கிய பிறகுதான், கிடங்கில் எந்தப் பெட்டி எந்தத் துப்பாக்கிக்கு என்று தேடும் வேலை குறையத் தொடங்கியது.